தகவல் சொன்னவர்: மனைவி

பிரபு விழுந்தபோது அவனோடு சேர்ந்து ஒரு பித்தளை அண்டாவும் விழுந்தது. அண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்துப் பக்கம் லேசாக ஒரு நெளிசல். அதையும் தட்டி எடுத்துவிட்டார்கள். அண்டா அந்தத் தை முகூர்த்தத்திலேயே யாரோ ஒரு பெண்ணுக்குச் சீராகப் போய்விட்டது. பிரபுவுக்கு இடுப்பில் ஒன்று, வலது தொடையில் ஒன்று என்று இரண்டு இடத்தில் எலும்பு போனது. இரண்டுமே தட்டி எடுக்க முடியாத இடங்கள்.

பார்க்க வருகிறவர்களிடம் அவன், "அண்ணாச்சி அண்டாவுக்குப் பத்து வருசம் கேரண்டி தராரு. நான் பதினெட்டு வருசம் அங்க கெடந்தேன், பில்லு வாங்காம வுட்டுட்டேன்" என்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்த பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்று அவன் மனைவி தேவானையைப் பார்ப்பார்கள். தேவானை டீயைக் கையில் கொடுத்து, "அது வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆவல. டாக்டரே சொல்லிட்டாரு" என்பாள்.

தி.நகரில் மாணிக்கவாசகம் அண்ணாச்சியின் பாத்திரக்கடையில் பிரபு சுமை ஆள். கடை கீழே, கிடங்கு மூன்றாவது மாடியில். சரக்கு ஏற்ற, கட்டடத்தின் பின்பக்கம் இரும்புக் குழாயில் கூண்டு ஒன்று செய்து, சங்கிலி போட்டு, மோட்டார் வைத்திருந்தார்கள். கூண்டின் மேல் 'ஆட்கள் ஏறக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் போர்டு தொங்கியது. ஆனால் அண்டாவைத் தனியாக ஏற்றினால் உருண்டு கம்பியில் மோதும். மோதினால் நெளியும். நெளிந்த அண்டாவை எந்தச் சம்பந்தியும் வாங்க மாட்டார். அதனால் உள்ளே ஒரு ஆள் நின்று அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். போர்டில் தலை இடித்துவிடாமல் குனிந்து ஏறுவதில் பிரபு தேர்ந்தவன். அன்று இரண்டாவது மாடியைத் தாண்டும்போது சங்கிலி விட்டது.

அண்ணாச்சி தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். தேவானை நொச்சிக்குப்பம் மீன் சந்தை வேலையிலிருந்து கையில் மீன் செதிலோடு ஓடி வந்து சேர்ந்தபோது அவர் வேட்டியெல்லாம் ரத்தம். அழுதுகொண்டிருந்தார். நடிப்பில்லை. அந்த அழுகையோடேயே அவளை ஓரமாகக் கூப்பிட்டு, கடையில் நடந்தது என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும், கூண்டுக்கு லைசென்ஸ் இல்லை, கடையைப் பூட்டிவிடுவான், முப்பது பேர் பிழைப்பு, வீட்டில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று சொல்லிவிடு, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மகள் நிஷாவின் பள்ளிக்கூடச் சம்பளத்தை ஐந்து வருஷம் கட்டிய மனுஷன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வேறு நின்றார்.

டாக்டர் கேட்டார். தேவானை சொன்னாள். பாத்ரூம் என்ற வார்த்தையைத் தன் வீட்டோடு சேர்த்து அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளே புருஷன் நினைவில்லாமல் கிடக்கிற அந்த நேரத்திலும், இல்லாத வசதியைச் சொல்லிக்கொள்கிறோமே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மந்தைவெளிப் பக்கம், கால்வாய் ஓரத்தில் அவர்கள் வீடு. வீடு என்றால் ஒரு அறை. பெண்கள் குளிக்க வேண்டுமென்றால் கட்டிலை நகர்த்தி, அடுப்பு மூலையில் இருக்கிற சாக்கடைத் துவாரத்தின் மேல் உட்கார்ந்து குளிக்க வேண்டும். பிரபு குளித்ததெல்லாம் தெருக் குழாயடியில். மற்றதற்குத் தெருக்கோடியில் கார்ப்பரேஷன் கட்டிய கக்கூஸ். அங்கே வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. ஆனால் அது வீட்டுக் கணக்கில் வராது.

சித்திரை வரைக்கும் அண்ணாச்சி சொன்னபடி பார்த்துக்கொண்டார். வாராவாரம் கடை ஆள் ஒருவன் வந்து கவரைக் கொடுத்துவிட்டுப் போவான். வைகாசியில் கவர் மெலிந்தது. ஆனியில் ஆளே வரவில்லை. சித்திரையில் தொடங்கிய மீன்பிடித் தடைக் காலமும் இதோடு சேர்ந்துகொண்டது. தேவானைக்கு மீன் ஆய்ந்து கொடுக்கிற வேலை. வாடிக்கைக்காரர்கள் வாங்கி வருகிற மீனைச் செதில் எடுத்து, குடல் நீக்கி, துண்டு போட்டுக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பெரிய படகு கடலுக்குப் போகாத இரண்டு மாசமும் நெத்திலி, காரப்பொடி மாதிரிப் பொடிமீன்தான். அதை ஆயக் கூலி கொடுக்கிற அளவுக்கு யாரும் ஏமாளி இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம். அதைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ, படுத்திருப்பவனை ஆட்டோவில் ஏற்ற இரண்டு ஆள், அந்த இரண்டு ஆளுக்கு டீ, வெளியே எழுதித் தருகிற ஸ்கேன், அவள் போகாத நாளின் கூலி, அவன் போகாத எல்லா நாளின் கூலி, இதெல்லாம் இலவசத்தில் சேராது. காதில் கிடந்தது போனது. கிரைண்டர் போனது. இட்லி கடையில் வாங்குகிற சாமானாகிவிட்டது. பிரபு அதற்கும் ஒரு கதை வைத்திருந்தான். வீட்டில் இடம் பத்தவில்லையென்று முன்பு சண்டை போடுவாளாம். இப்போது பார், எவ்வளவு காற்றோட்டம்.

ஆடியில் வஞ்சிரம் வரத் தொடங்கியது. கூடவே மதுமதியும் வந்தாள். அடையாறில் பெரிய கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிற பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவானையிடம்தான் மீனை ஆயக் கொடுக்க வருவாள். அன்று அவள் இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. மாடிப்படியில் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கியதில் மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைத்து, ஆறு வாரம் வீட்டிலிருந்தபடியே சம்பளம் வந்ததாம். இன்சூரன்ஸ்காரன் ஆபரேஷனுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு, டாக்டர் போட்டுக்கொண்ட கையுறைக்கு மட்டும் பணம் தர மாட்டேனென்றுவிட்டான் என்று நியாயமாகவே கோபப்பட்டாள். தேவானையும் அது அநியாயம்தான் என்றாள். பிறகு வாலை நறுக்கிக்கொண்டே, தன் வீட்டுக்காரர் கதையைச் சொன்னாள்.

மதுமதி கோபத்தை மறந்துவிட்டு நின்றாள். "அக்கா, அது வேலை செய்யிற இடத்துல நடந்த விபத்து. சட்டப்படி காம்பன்சேஷன் வரணும். என் தம்பி கனடாவுல கிடங்குல வேலை செய்யிறான். ரெண்டு விரல் நசுங்கிச்சு. ஏழு மாசம் சம்பளம் வீடு தேடி வந்துச்சு. விரலை எப்படி மடக்கணும்னு சொல்லித்தர ஒரு ஆளையும் அனுப்பினாங்க."

"ரெண்டு வெரலுக்கே ஏழு மாசமா? அப்ப இடுப்புக்கு இன்னாம்மா குடுப்பான் அந்த ஊர்ல?"

"வீடே குடுப்பான்."

"இவரு அங்க போயி வுழுந்திருக்கணும்," என்றாள் தேவானை. "போக்கத்தது, தி.நகர்ல வுழுந்துட்ச்சு."

மதுமதி விடவில்லை. தேனாம்பேட்டை லேபர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி வாங்கச் சொன்னாள். விபத்தென்று யார் வந்தாலும் முதலில் பதிகிற பதிவேட்டின் நகல் அது. மூன்று நாள் நடந்து தேவானை அதை வாங்கினாள். நிஷா படித்துக் காட்டினாள். மயிலாப்பூரில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறவள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது. தகவல் சொன்னவர்: மனைவி.

அந்தக் கடைசி வரியை அவள் சொல்லாமலே மடித்திருக்கலாம். படிக்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

லேபர் ஆபீஸ் அம்மா நல்ல மாதிரி. கத்தவில்லை. உட்காரச் சொன்னாள். எட்டு ஒன்பது லட்சம் வரைக்கும் கிடைக்கக்கூடிய கேஸ் இது, ஆனால் உன் வாயாலேயே வீட்டில் என்று சொல்லியிருக்கிறாயே அம்மா என்றாள். அன்றைக்குச் சொன்னது பொய் என்று எழுதிக் கொடுக்கலாம், பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் வைப்பார்கள், மூன்று வருஷம் ஆகலாம், மேல்முறையீடு என்று போனால் சொல்ல முடியாது. சர்க்காரிடம் பொய் சொன்னதற்கு ஜெயிலில் போடுவார்களா என்று தேவானை கேட்டாள். இதற்கெல்லாம் போட்டால் ஜெயிலில் இடமிருக்காது என்று அந்த அம்மா சிரித்தாள்.

சாட்சிக்கு ஒருவன்தான். அன்று கீழே மோட்டார் சுவிட்சைப் போட்ட அம்மாசி. பிரபுவின் சிநேகிதன். தேவானை போய்க் கேட்டபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. அண்ணாச்சியிடம் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது இன்னும் கழியவில்லை, கோர்ட்டில் வந்து நின்றால் மறுநாள் தான் எங்கே நிற்பது என்று அவளிடமே கேட்டான். சாப்பிடுண்ணே என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இதற்குள் தொடை எலும்பு சேரவில்லை என்று தெரிந்தது. உள்ளே வைத்த கம்பியை எடுத்துவிட்டு வேறு கம்பி வைக்க வேண்டும். கார்த்திகையில் தேதி கொடுத்தார்கள். ஒரு மாசம் வார்டில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம். தள்ளிப் போட்டால் கால் அப்படியே குட்டையாகிவிடும் என்றார்கள். அந்தக் கார்த்திகையில்தான் நிஷாவுக்குப் பரீட்சை. பரீட்சைப் பணமும் அதற்கு முன்னால் கட்ட வேண்டும். நானே ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிஷா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அந்தத் தெருவில் அடுத்த வருஷம் என்று நின்ற படிப்பு எதுவும் திரும்பக் காலேஜ் வாசலைப் பார்த்ததில்லை.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் அண்ணாச்சி வந்தார். காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால்வாய்த் தண்ணீரில் நடந்து வந்தார். ஒரு பையில் சாத்துக்குடி. இன்னொரு பையில் கடையிலிருந்து புத்தம் புது நாலு அடுக்கு டிபன் கேரியர். ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோக வசதியாக இருக்குமென்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் அந்த வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. உட்கார நாற்காலி ஒன்றுதான். அதிலிருந்த புத்தகங்களை நிஷா எடுத்துக்கொண்டாள்.

"எப்படிடே இருக்க?" என்றார்.

"இவன் படுத்துக்கினே சாப்புடற ஜாதகம்னு எங்கம்மா சொல்லும் அண்ணாச்சி. படுக்கறது பலிச்சிட்ச்சு. சாப்பாடு தான் பேஜாரா கீது."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. தேவானையிடம் திரும்பினார். "லேபர் ஆபீசுக்குப் போனியாம்லா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நாலு வாட்டி கடைக்கு வந்தேன் அண்ணாச்சி. நீங்க இல்லன்னு சொன்னாங்க."

"இருந்தேன்," என்றார் அண்ணாச்சி. "உள்ளதான் இருந்தேன். வெளிய வர மொகம் இல்ல."

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆன்லைனில் பாத்திரம் வாங்குகிறார்கள். வாசலில் ரோட்டைத் தோண்டிப் போட்டதில் எட்டு மாசமாக வியாபாரம் பாதி. கூண்டு விஷயம் வெளியே வந்தால் பேங்க்காரன் கடனைத் திருப்பிக் கேட்பான். வக்கீல் எழுதிய பேப்பர் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ஒரு லட்சம். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த தொழிலாளிக்கு, மனிதாபிமான அடிப்படையில். இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் கெட்டவன் இல்லை தேவானை என்றார். அப்படி யார் சொன்னது என்றாள் அவள்.

பேசிக்கொண்டே அண்ணாச்சி நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். சுகர்காரர். அந்த மழைக்கும், குடித்த டீக்கும், அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"கோவிச்சுக்கிடாதம்மா. பாத்ரூம் எங்கன இருக்கு?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற பிரபு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அண்ணாச்சி அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு, கட்டில், டிவி, சாமி படம். உள்ளே போகிற கதவு ஏதாவது இருக்குமென்று தேடினார். அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே கதவு. அது அவர் வந்த கதவு.

அவர் முகத்தில் அது மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்ததைத் தேவானை பார்த்தாள்.

"வாங்க அண்ணாச்சி," என்று குடையை எடுத்தாள். "தெருக்கோடி வரைக்கும் நடக்கணும்."

கணுக்காலுக்கு மேல் தண்ணீர். "பாத்து வாங்க, பாசி கீது," என்றாள். அண்ணாச்சி அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கக்கூஸில் ஆண்கள் பக்கம் இருந்த இரண்டு கதவில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்றில் ஆள். தாழ்ப்பாள் இல்லாததற்குள் அவர் போனார். தேவானை கதவுக்கு முதுகைக் காட்டிக் குடையோடு நின்றாள். வந்தவர்களிடம், உள்ள ஆளு கீது, பெரியவரு, கொஞ்சம் நில்லுப்பா என்றாள். கை கழுவக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவளே பக்கத்து டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றினாள்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த அண்ணாச்சி பேப்பரை எடுத்துப் பார்த்தார். கர்சீப்பால் கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்தப் பாத்ரூம்னு வார வரிய எடுத்துரச் சொல்லலாம்னு பாக்கேன்," என்றார். பிறகு அவரே, "எடுத்தா வக்கீல் ஒத்துக்கிட மாட்டான். இந்தப் பேப்பருக்கே அதான் உசிரு," என்றார். பேனாவை எடுத்தார். "ஒண்ணுன்னு எழுதிருக்கு. ஒண்ணரைன்னு போடுதேன்."

போட்டார். தெருக்கோடி வரை போய் வந்ததற்கு ஐம்பதாயிரம் கூடியிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம் கார்ப்பரேஷன்காரன் என்று தேவானைக்கு ஒரு நினைப்பு ஓடியது. தன் புத்தி போகிற போக்கைப் பார் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"வேணாம்மா," என்றாள் நிஷா. "ஒம்போது லட்சம் வர்ற கேசு. உண்மை நம்ம பக்கம் இருக்கு. மூணு வருஷம்தானே. நான் வேலைக்குப் போறேன்."

"போர்டு கீதே கண்ணு," என்றான் பிரபு மெதுவாக. "ஏறக் கூடாதுன்னு போட்டுக்கீது. நாந்தான ஏறனேன்."

"யாரு ஏறச் சொன்னாங்க நைனா? நீயா போயி ஏறினியா?"

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் சாத்துக்குடிப் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

தேவானைதான் பேசினாள். மகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இவரு பக்கத்துல ஒரு மாசம் ஒக்காரணும். நான் ஒக்காந்தா அடுப்பு எரியாது. நீ ஒக்காந்தா உன் பரீட்ச பூடும். ஒக்காரவே இல்லன்னா இவரு காலு பூடும். நெசம் நம்ம பக்கம் தான் கீது, யாரு இல்லன்னா? ஆனா அது மூணு வருசம் கயிச்சுதான் சோறு போடும்னு அந்த ஆபீசரம்மாவே சொல்லுது. அதுவரைக்கும் இன்னாத்த துன்றது? நீ அத படி. இன்னா எழுதிக்கீதுன்னு தெரிஞ்சே போடறேன்."

நிஷா படித்தாள். குளியலறை என்று வந்த இடத்தில் நின்றாள். படி என்றான் பிரபு. படித்தாள். தேவானை கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும் மூன்று எழுத்துக்கும் இடையில் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். பிரபு கட்டிலிலேயே ஒருக்களித்துப் போட்டான். அண்ணாச்சி போகும்போது பிரபுவின் காலைத் தொடுவதுபோல் குனிந்தார். கும்பிடத்தானோ, போர்வையைச் சரி செய்யத்தானோ, தெரியவில்லை. போர்வையைத்தான் சரி செய்தார்.

கார்த்திகையில் வார்டில் சேர்த்தார்கள். நிஷாவுக்கு அன்று இரண்டாவது பரீட்சை. காலையில் வார்டில் அப்பனிடம் சொல்லிக்கொண்டு, காஸ்டிங் சூத்திரங்களை முணுமுணுத்தபடி பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடுகிறவளை ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்காகப் பிரபு தலையணையில் எம்பி, வலியில் பல்லைக் கடித்து, பார்த்துவிட்டுத்தான் படுத்தான். மதுமதி ஞாயிற்றுக்கிழமை வந்து, கேஸ் எதுவரை போயிற்று என்று கேட்டிருந்தாள். நடக்குதும்மா என்று தேவானை சொல்லியிருந்தாள். பொய் இப்போதெல்லாம் சுலபமாக வந்தது.

பத்து மணிக்குப் புது டாக்டர் ஒருவர் வந்தார். சின்ன வயசு. முதல் ஆபரேஷன் செய்தவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்களாம். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டும் என்றார். பெயர், வயசு, வேலை. பிறகு தேவானையைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கே விழுந்தார்? எப்படி விழுந்தார்? சொல்லுங்கம்மா."

தேவானை வாயைத் திறந்தாள். இவ்வளவு நாள் வந்த வார்த்தை, கையெழுத்தே போட்டுக் கொடுத்த வார்த்தை, அந்த டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றதும் வரவில்லை. முந்தானையை வாயருகில் கொண்டுபோனாள்.

"அத்த ஏன் சார் கேக்கறீங்க, அது பயந்துகினு கீது," என்றான் பிரபு. "வூட்ல தான் சார் வுழுந்தேன். பாத்ரூம்ல."

"வழுக்கியா?"

"புது டைல்ஸ் சார். வெள்ள கலரு, சும்மா கண்ணாடி கணக்கா இருக்கும். எங்க வூட்டுக்காரி டெய்லி பிரஸ் போட்டுத் தேச்சு வெச்சிரும். ஈரம் கீதுப்பா, பாத்துப் போன்னு கூட சொல்லுச்சு. நாந்தான் கேக்கல."

டாக்டர் எழுதிக்கொண்டே, வீட்டுக்குப் போனதும் அந்த டைல்ஸ் மேல் வழுக்காத மிதியடி போடச் சொன்னார். சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி ஒன்று அடித்து வைத்தால் நல்லது, பெரிய செலவில்லை என்றார்.

"வெச்சிடறேன் சார்," என்றான் பிரபு. "எந்தப் பக்கம் வெக்கலாம்? கதவாண்டயா, குழாயாண்டயா?"

குழாய்ப் பக்கம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பிரபு கண்ணை மூடிக்கொண்டான். தேவானை கால்மாட்டில் உட்கார்ந்து, அவனுடைய நல்ல காலின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.